மண்புழுவின் கடல் பங்காளிகள்

இயற்கை வழி உழவர் ஒருத்தரிடம் "உங்க மண் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மண் பரிசோதனை அட்டையைத் தேட மாட்டார். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திப் புரட்டிக் காட்டுவார். அந்தக் கட்டியில் எத்தனை மண்புழு நெளிகிறது என்பதுதான் அவருக்கு அறிக்கை.

கடலுக்கும் அடியில் மண் இருக்கிறது. அந்த மண்ணையும் உழுவதற்கு ஆள் இருக்கிறது. கடலை மேலிருந்து மட்டும் பார்க்கிற நமக்கு மீன் தெரியும், நண்டு தெரியும், இறால் தெரியும். அடிமண்ணைக் கொத்திப் பார்க்காததால் அங்கே உழைக்கிற புழுவையும், அதை நம்பி வாழ்கிற சங்கு, சிப்பிகளையும் தெரியாது.

விவசாயப் பத்திரிகையில் கடல் புழுவைப் பற்றி எதுக்கு என்று கேட்கலாம். நான் தாமிரபரணிக் கடைமடையில் நெல்லும் வாழையும் போடுகிறவன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே எங்கள் பக்கத்து வயல்களின் வடிகால் தண்ணி கடைசியில் புன்னக்காயல் முகத்துவாரம் வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அதே வளைகுடாவில்தான் காலங்காலமாகச் சங்கும் முத்தும் குளித்தார்கள். கொற்கை என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அந்த முத்தால்தான். வங்கி வேலையில் தூத்துக்குடியில் இருந்த வருஷங்களில் சங்கு குளிக்கிறவர்கள் பலர் எங்கள் கிளைக்கு வருவார்கள். அவர்களிடம் கேட்டதும், ஓய்வுக்குப் பிறகு படித்ததும் சேர்ந்து இந்தக் கட்டுரை.

கரையேறிய புழு

மண்புழுவின் உடம்பு வளையம் வளையமாக இருக்கும். இந்த மாதிரி உடம்பு உள்ளவற்றுக்கு வளையப்புழுக்கள் என்று பெயர். மண்புழு, அட்டை, கடலில் வாழும் 'பாலிகீட்' புழுக்கள் எல்லாம் ஒரே குடும்பம். பாலிகீட் என்றால் நிறைய முடி உள்ளது என்று பொருள். அதன் ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி சதையும், அதில் கொத்தாக முள்முடியும் இருக்கும். மண்புழுவுக்கும் முடி உண்டு. ஒரு மண்புழுவை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் மெதுவாகத் தடவினால் சொரசொரப்பு தட்டும். அதுதான் மிச்சம்.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மண்புழுக்கள் கடல் பாலிகீட் மரத்திலிருந்து கிளைத்த ஒரு கொப்பு என்கிறார்கள். அதாவது கடலிலிருந்து கரையேறிய ஒரு கிளைதான் நம்ம தோட்டத்துப் புழு. மற்ற பங்காளிகள் கடலிலேயே தங்கிவிட்டார்கள். பாலிகீட்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட வகைகளுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவை செய்கிற வேலையைப் பாருங்கள். ஐரோப்பியக் கடற்கரைகளில் 'அரெனிகோலா' என்று ஒரு மணற்புழு. மணலுக்குள் வளைவாக ஒரு குழி தோண்டி உட்கார்ந்துகொண்டு மணலைத் தின்னும். அதில் ஒட்டியிருக்கிற மக்குப் பொருளைச் செரித்துவிட்டு, மிச்ச மணலைச் சுருள் சுருளாக மேலே தள்ளும். தண்ணி வற்றிய கரையில் பார்த்தால் நம்ம தோட்டத்து மண்புழுக் குருணை மாதிரியேதான் இருக்கும். உடம்பை அசைத்து அசைத்து மேல் தண்ணியைக் குழிக்குள் இழுக்கிறது. அதனால் மூச்சுக்காற்று கலந்த தண்ணி அடிமண்ணுக்குள் இறங்குகிறது. சார்லஸ் டார்வின் 1881ல் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி, அதை நிலத்தின் உழவன் என்று நமக்குக் காட்டினார். கடலில் அந்த உழவைப் பார்ப்பது இந்தப் பங்காளிகள்தான்.

எல்லாரும் மண் தின்கிறவர்கள் இல்லை. சிலது சுண்ணாம்பால் குழாய் கட்டி அதற்குள் குடியிருந்து, மயில்தோகை மாதிரி விசிறியை வெளியே நீட்டி, தண்ணியில் வருகிற நுண்ணுயிரைச் சலித்துச் சாப்பிடும். பழைய சிப்பி ஓட்டின் மேல் வளைந்து வளைந்து வெள்ளைக் குழாய் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அந்தப் புழுவின் வீடு. சிலது தாடையோடு வேட்டையாடும். சிலது மணலை ஒவ்வொரு துகளாக ஒட்டிக் குடியிருப்பே கட்டும். 1977ல் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளின் பக்கத்தில் கண்டுபிடித்த ராட்சதக் குழாய்ப்புழு 2 மீட்டர் வரை வளரும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் இருக்கிற பாக்டீரியாதான் சமையல்காரர்.

வளையம் இல்லாத புழுக்களும் உண்டு. நம்ம ராமேஸ்வரம் பக்கத்துக் குருசடைத் தீவில் 'பலனோகிளாசஸ்' வகைப் புழு ஒன்று மணலுக்குள் வாழ்கிறது. விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. பார்க்கப் புழுதான், ஆனால் தொண்டையில் மீனுக்கு இருப்பதுபோலச் செவுள் துளைகள். முதுகெலும்பு உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு மண்புழுவைவிட இது நெருங்கிய சொந்தம். 'புழு' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை குலம் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

சிப்பி, சங்கு, கணவாய்

இனி மெல்லுடலிகள். சங்கு, சோழி, நத்தை ஒரு கூட்டம். மட்டி, ஆளி, முத்துச்சிப்பி என இரண்டு ஓடு உள்ளவை ஒரு கூட்டம். ஓட்டை உள்ளே மறைத்துக்கொண்ட கணவாயும், ஓட்டையே விட்டுவிட்ட பேய்க்கணவாயும் ஒரு கூட்டம். இன்னும் யானைத்தந்தம் மாதிரி ஓடு உள்ளவை, முதுகில் எட்டுத் தகடு சுமந்து பாறையில் ஒட்டியிருப்பவை என்று போகும். உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட மெல்லுடலிகள் சுமார் 80,000 வகை. அதில் பெரும்பங்கு கடலில்.

புழுவையும் சங்கையும் ஏன் ஒரே கட்டுரையில் சேர்க்கிறேன்? காரணம் உண்டு. பல கடல் புழுக்களின் குஞ்சும், பல சிப்பி, நத்தைகளின் குஞ்சும் முதல் பருவத்தில் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பம்பரம், இடுப்பைச் சுற்றி நுண்முடிகளால் ஒரு ஒட்டியாணம். அதைச் சுழற்றிச் சுழற்றி நீந்தும். அப்புறம்தான் ஒன்று புழுவாகவும் இன்னொன்று சிப்பியாகவும் பிரிகிறது.

பெயரிலேயே குழப்பம் உள்ள ஒருத்தர் கப்பல் புழு. மரக்கலத்தைத் துளைத்துச் சல்லடையாக்குவது இதுதான். 1731ல் நெதர்லாந்தில் கடல் கரைகளைத் தாங்கிய மரக்கட்டைகளை அரித்து நாட்டையே பயமுறுத்தியது. இது புழுவே இல்லை, சிப்பி! உடம்பு புழு மாதிரி நீண்டு, இரண்டு ஓடும் தலையில் துளைக்கருவியாகிவிட்டது. மரத்தில் தழைச்சத்து மிகக் குறைவு, பிறகு எப்படிப் பிழைக்கிறது? அதன் செவுளுக்குள் வாழும் பாக்டீரியா மரநாரைச் செரிக்கவும் உதவுகிறது, தழைச்சத்தையும் நிலைப்படுத்திக் கொடுக்கிறது. உளுந்து, பாசிப்பயறு வேர்முடிச்சில் ரைசோபியம் பார்க்கிற வேலையை இது கடலுக்குள் பார்க்கிறது. அலையாத்திக் காட்டில் விழுந்த மரம் மக்கி மறுபடி உணவாவதில் இதற்குப் பெரிய பங்கு.

ஆளி வேலை வேறு. தண்ணியை இழுத்து, சலித்து, தெளிவாக வெளியே விடும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ஆளி, சூழல் ஒத்துவந்தால் ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் சலித்துவிடும். மின்சாரம் இல்லாத சுத்திகரிப்பு நிலையம்.

சங்கின் தீனி என்ன?

பூஜை அறையில் வைத்திருக்கிற சங்கு, கடலில் என்ன சாப்பிட்டது என்று யோசித்திருக்கிறீர்களா? பாசி, புல் என்று நினைப்போம். சங்கு சுத்த அசைவம். அதன் முக்கிய இரை பாலிகீட் புழுக்கள்தான். மணலும் சேறும் கலந்த கடல் தரையில் மெதுவாக நகர்ந்து, குழியிலும் குழாயிலும் இருக்கிற புழுவைத் துதிக்கை மாதிரியான வாயை நீட்டிப் பிடித்துத் தின்னும்.

இந்தச் சங்கை அறுத்துத்தான் வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் போடுகிற வெள்ளை வளையல் செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்த சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போனது. சங்கு குளித்தல் நெடுங்காலம் அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் என்கிற மீன்வள அதிகாரி இதை விரிவாக எழுதி 1914ல் புத்தகமாக வெளியிட்டார். குளித்தவனுக்குக் கூலி, வெட்டியவனுக்கு வேலை, போட்டவளுக்குத் தாலிக்குச் சமமான மரியாதை. இத்தனையும் நின்றது கடலடியில் ஒரு புழு இருந்ததால்.

சங்கு முட்டையிடுவதும் தனி மாதிரி. ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய ஒரு நீண்ட கூட்டில் அறை அறையாக முட்டை வைக்கும். நான் மேலே சொன்ன பம்பரப் பருவமாக அதன் குஞ்சு நீந்திப் போவது இல்லை. கூட்டுக்குள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே ஊர்ந்து வெளியே வரும். நம்ம மண்புழுவும் அப்படித்தானே, கூட்டுக்குள் வளர்ந்து குட்டிப் புழுவாகவே வெளியே வருகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கு. நீந்திப் போகிற குஞ்சு என்றால் ஒரு இடம் கெட்டாலும் வேறு இடத்திலிருந்து நீரோட்டத்தில் வந்து நிரப்பும். ஊர்ந்து போகிற குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு திட்டில் சங்கு அற்றுப்போனால் அங்கே மறுபடி குடியேற நெடுங்காலம் ஆகும்.

சங்கு மட்டும் இல்லை. கூம்புச் சங்கு வகைகளில் பெரும்பாலானவை புழு தின்கிறவைதான். நஞ்சு தடவிய ஈட்டி மாதிரி பல்லால் குத்திப் பிடிக்கும். அதே இனத்தில் மீன் தின்னும் ஒரு வகையின் நஞ்சை ஆராய்ந்து செய்த கடும் வலி மருந்துக்கு அமெரிக்கா 2004ல் அனுமதி கொடுத்தது. எந்த நத்தையில் எந்த மருந்து இருக்கிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நாட்டு நெல் வகைகளை நாம் ஏன் விடாமல் காப்பாற்றுகிறோமோ, அதே நியாயம்தான் இங்கேயும்.

ஒரே புழு பெருகினால்

இங்கே ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். 'புழு நிறைய இருக்கு' என்றால் கடல் நல்லா இருக்கு என்று அர்த்தம் ஆகாது. 'காபிடெல்லா' என்று ஒரு சின்னச் சிவப்புப் புழு. சாக்கடையும் கழிவும் சேர்ந்து மூச்சுக்காற்று குறைந்த சேற்றில் மற்ற வகை எல்லாம் செத்தாலும் இது பிழைக்கும். பிழைப்பது மட்டுமா, கோடிக்கணக்கில் பெருகும். அதனால்தான் ஒரு இடத்துச் சேற்றை அள்ளிச் சலித்துப் பார்த்து, காபிடெல்லா மட்டும் குவிந்து கிடந்தால், இந்த இடம் கெட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டுகிறார்கள். எத்தனை தலை என்பதைவிட எத்தனை வகை என்பதுதான் அங்கே கணக்கு.

வங்கியில் இதற்கு ஒரு விதி உண்டு. வசூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரே ஆளுக்கு, ஒரே தொழிலுக்கு மொத்தப் பணத்தையும் கடனாகக் கொடுக்கக் கூடாது. அந்தத் தொழில் ஒரு வருஷம் படுத்தால் வங்கியும் சேர்ந்து படுத்துவிடும். ஒரே ரகம் போட்ட ஊரில் ஒரு பூச்சி வந்தால் என்ன ஆகும் என்று உழவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சேறு எப்படி மூச்சு முட்டுகிறது? வயலில் கொட்டிய யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணியில் கரைந்து போகிறது. கழிமுகத்தில் அது பாசிக்கு உரம். பாசி மளமளவென்று பெருகி, செத்து, அடியில் படிந்து அழுகும்போது தண்ணியில் உள்ள மூச்சுக்காற்றை எடுத்துவிடும். ஓடிப்போகத் தெரிந்த மீன் ஓடிவிடும். குழிக்குள் இருக்கிற புழுவும் ஓட்டுக்குள் இருக்கிற மட்டியும் எங்கே போகும்?

புழு கொடுத்த பூச்சிமருந்து

இனி சொல்வது நெல் போடுகிற எல்லாருக்கும் தெரிய வேண்டியது. குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கடைக்காரர் கொடுக்கிற குருணை மருந்துகளில் ஒன்று கார்டாப் ஹைட்ரோகுளோரைடு. பையில் 4ஜி என்று போட்டிருக்கும். அது எங்கே பிறந்தது தெரியுமா? கடல் புழுவில்.

ஜப்பானில் தூண்டில்காரர்கள் இரையாகக் குத்துகிற ஒரு கடல் புழு உண்டு. செத்த புழுவின் மேல் வந்து உட்கார்ந்த ஈக்கள் முடங்கிச் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறார்கள். 1934ல் நிட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார். அதற்கு நெரிஸ்டாக்ஸின் என்று பெயர். பூச்சியின் நரம்புகளுக்கு இடையே சேதி போகிற பாதையை அது அடைத்துவிடும், பூச்சி அசைய முடியாமல் பட்டினியில் சாகும். அதைப் பார்த்து ஆலையில் செய்த மருந்துதான் கார்டாப். 1967ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நஞ்சு கொடுத்த அந்தப் புழுவின் குலப்பெயர் லம்ப்ரினெரிஸ். லத்தீனில் லம்ப்ரிகஸ் என்றால் மண்புழு. பெயரிலேயே பங்காளி உறவு இருக்கிறது.

புழு தன் உடம்புக்குள் துளி அளவு வைத்திருந்த நஞ்சை நாம் மூட்டை கணக்கில் வயலில் தூவுகிறோம். கார்டாப் மீனுக்கும் நஞ்சு. தூவின ரெண்டு நாளில் மழை வந்து, வரப்பை வெட்டி விட்டால் அது எங்கே போகும்? வாய்க்கால், வடிகால், ஆறு, முகத்துவாரம். கடலிலிருந்து வந்தது கடலுக்கே திரும்பிப் போகிறது, ஆனால் வேற கணக்கில்.

கடல் கெடுவதற்கு உழவன் மட்டும் காரணமா என்று கேட்பீர்கள். நிச்சயமாக இல்லை. அடிமண்ணைச் சுரண்டிப் போகிற இழுவைமடி, ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை, ஆற்று மணல் அள்ளுதல், எல்லாம் இருக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீனியாகப் பாலிகீட் புழுவையே கழிமுகச் சேற்றிலிருந்து தோண்டி விற்கிற வேலையும் நடக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்போம். ஆனால் கேட்கிற வாய்க்குப் பலம் வேண்டுமென்றால் நம்ம வடிகால் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும்.

தடுத்தால் திரும்பி வரும்

'இவ்வளவு பெரிய கடலில் இத்துனூண்டு மருந்து என்ன செய்யும்?' என்பார்கள். பிரான்சில் ஆர்க்கஷான் விரிகுடா ஆளி வளர்ப்புக்குப் பெயர் போனது. 1970களின் கடைசியில் அங்கே குஞ்சு பிடிப்பது நின்றது, ஓடு உப்பிக் கோணலானது, வளர்ப்போர் நொடித்துப் போனார்கள். காரணம், படகின் அடியில் பாசி, கொட்டலசு ஒட்டாமல் இருக்கப் பூசிய டிபிடி என்ற வெள்ளீயக் கலவைப் பெயிண்ட். ஒரு லிட்டர் தண்ணியில் சில நானோகிராம் இருந்தாலே, அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் சில பங்கு இருந்தாலே, சிலவகைக் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கம் கெடுகிறது. பிரான்ஸ் அரசு 1982ல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடுத்தது. அடுத்தடுத்த வருஷங்களில் ஆளிக் குஞ்சு மறுபடி பிடிக்க ஆரம்பித்தது. 2008ல் உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் தடை நடைமுறைக்கு வந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். துளி போதும் கெடுக்க. நிறுத்தினால் உயிர் திரும்பி வரும், முழுசாக அற்றுப்போகும் முன்பே நிறுத்தினால்.

நம்ம பக்கத்து வேலை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கொம்புச் சங்கு, பெரிய சிப்பி போன்ற சில வகைகளைப் பிடிக்கவும் விற்கவும் வனவிலங்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. சட்டம் கடலுக்கு வேலி போடும். ஆற்றுத் தண்ணிக்கு வேலி போட முடியாது. அது நம் கையில்.

குருணைக்கு மாற்று நம்மிடம் உண்டு. குருத்துப்பூச்சி நாற்றின் நுனியில் முட்டை வைக்கும், நடும்போதே நுனியைக் கிள்ளி எடுத்துவிடலாம். நட்ட 30ஆம் நாளிலிருந்து டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையை ஏக்கருக்கு 2 சிசி கணக்கில், வாரம் ஒரு முறையாகக் கட்டலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கித் தெளிக்கலாம். விளக்குப்பொறி, பறவை உட்காரக் குச்சி எல்லாம் நீங்கள் அறிந்ததே.

இன்னும் முழுசாக மாறாத பக்கத்து வயல்காரரிடம் சண்டை வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: மருந்தோ யூரியாவோ போட்ட வாரத்தில் வரப்பை வெட்டித் தண்ணியை வடிக்க வேண்டாம் என்று. வடிகால் ஓரத்துப் புல்லையும் கோரையையும் நெருப்பு வைத்து அழிக்காமல் விடலாம், வெட்டிவேர் வைத்தால் இன்னும் நல்லது. வயலிலிருந்து போகிற சத்தில் ஒரு பங்கை அது பிடித்து வைக்கும். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் இருக்கிற ஊர்களில் வடிகாலை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. அதை மறுபடி கொண்டுவர யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்த தடவை கடலோரம் போகும்போது, வெள்ளம் வற்றிய நேரமாகப் பார்த்துப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கரையில் கிடக்கிற ஓடுகளில் எத்தனை வகை என்று எண்ணச் சொல்லுங்கள். ஈரமணலில் சின்னச் சின்னச் சுருள் குவியல் கிடந்தால் மிதிக்காமல் காட்டுங்கள். உள்ளே ஒருத்தர் உழுதுகொண்டிருப்பார்.